நாற்பதின் இடத்தில் ஐம்பது

"இந்தக் கைக்கு இந்த வேலையெல்லாம் ஒத்துவராது பாப்பா. நீ போய் உங்கம்மாகூட உக்காந்து மருந்து அடை."

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அவர் மதுரையிலிருந்து வந்த கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர். சொன்ன இடம் திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அடிக்கிற ஓர் அச்சகத்தின் பின்னறை. அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். நான் அந்தப் பேச்சைக் கேட்டேன். அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய எனக்கு வெகு வருடங்கள் ஆயின.

சிவகாசிப் பக்கம் பிறந்து, இப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவது, மாம்பழம் தின்பது என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற கவலைக்குப் பெயர்தான் கோடை விடுமுறை. அப்பா விடியும் முன்னே லாரி லோடு ஏற்றப் போய்விடுவார். ஏழு மணிக்குத் தாயில்பட்டி கம்பெனி வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும். பட்டாசு கம்பெனிக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. உங்களில் சிலரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டு டிடிபி அக்கா தன்னோடு அச்சகத்துக்கு அழைத்துப் போனாள்.

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். லேபிள்களுக்கு எழுத்துக் கோத்து, படம் சேர்த்து, கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவள் வேலை. அதைத்தான் எங்கள் பக்கம் டிடிபி என்போம்.

அந்தப் பின்னறைக்கு ஒரே ஜன்னல், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முன்னால் அச்சு இயந்திரம் ஓடுகிற ஓட்டத்தில் தரை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் வெட்டிய காகிதத்தின் வாடையும் கலந்து அடிக்கும். ஒரு டேபிள் ஃபேன் உண்டு. ஆனால் அது கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் ஓடும். "அதுக்கு வேத்தா நமக்குச் சம்பளம் போச்சு புள்ள" என்பாள் அக்கா.

கம்ப்யூட்டர் அப்போதே ரொம்பப் பழசு. சென்னையில் ஏதோ விளம்பரக் கம்பெனி கழித்துப் போட்டதை முதலாளி வாங்கி வந்திருந்தார். இருந்தாலும் அதை விட முடியாது. அத்தனை லேபிளும் அத்தனை தமிழ் எழுத்தும் அதற்குள்தான் இருந்தன. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். வேகம் கூட்டுவதற்காக அதனுள்ளே தனியாக ஓர் அட்டையைச் செருகியிருந்தார்கள். ஆக்சிலரேட்டர் கார்டு. பழைய உடம்புக்குள் புது மூளை வைத்த மாதிரி. அப்படி வைத்தும், லேபிளில் வருகிற மயிலைக் கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றால் அக்கா கட்டளையைக் கொடுத்துவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டு வருவாள். அப்போதுதான் மயில் கழுத்துவரைக்கும் திரும்பியிருக்கும்.

எனக்கு அங்கே பிடித்தது வாசிப்பதுதான். அக்கா எழுத்துக் கோத்து முடித்ததும் நான் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பேன். "எட்டி நின்று கொளுத்தவும். பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்." எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் வாய் என்னுடையது. அந்தத் திமிரெல்லாம் என் குரலில் இருக்கும்.

"மெதுவா வாசி புள்ள, அம்புட்டுச் சத்தம் எதுக்கு? மிசினே நின்னுரும் போல" என்று அக்கா சிரிப்பாள்.

உட்காரும் முன் நான் செய்கிற காரியம் ஒன்று உண்டு. ஜன்னல் கம்பியைத் தொடுவேன். அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம். அவள் வேலை செய்கிற அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிற ஒவ்வொரு முறையும், வெறுங்காலோடு நின்று, அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும். தொடாமல் போய் மருந்தில் கை வைத்தால் ஒரு சின்னப் பொறி போதும், அறையே இருக்காது. பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு இந்தப் பாடம் மட்டும் நன்றாகத் தெரியும். "எங்கன போனாலும் சரி, புதுசா ஒன்னத் தொடுறதுக்கு முன்னாடி இரும்பைத் தொட்டுக்கோ" என்பாள்.

அம்மாவுக்குப் புஸ்வாணத்தில் மருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது முழங்கைவரை அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாக மின்னும். புருவத்தில்கூட மின்னும். இறங்கியதும் என்னைத் தூக்கிக்கொள்வாள். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்குகிறாளே என்று தெருவே சிரிக்கும். என் கன்னத்திலும் கவுனிலும் பொடி ஒட்டும். அந்தச் சாம்பல் வாடையும் வியர்வை வாடையும் கலந்ததுதான் எனக்கு அம்மாவின் வாடை. நாலாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் அவள் வைத்த கைநாட்டு நீலமாகவும் இல்லாமல், வெள்ளியாகவும் இல்லாமல், நடுவில் ஏதோ ஒரு நிறத்தில் இருந்தது. டீச்சர் அதை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

சித்திரை பிறந்ததும் லேபிள் ஆர்டர்கள் குவிந்தன. மயில் திரும்புகிற வேகத்துக்கு சீசனைச் சமாளிக்க முடியாது என்று முதலாளி சர்வீஸ்காரரை வரவழைத்தார். பளபளக்கிற சட்டை போட்டு, ரப்பர் செருப்போடு வந்தார் அவர். பெட்டியைத் திறந்து, கார்டை வெறுங்கையால் பிடுங்கி மேஜையில் வைத்தார். அதில் தபால்தலையைவிடச் சிறிதாக, நாலு கால்களோடு ஒரு தகரப் பெட்டி உட்கார்ந்திருந்தது. மேலே நாற்பது என்று அச்சிட்டிருந்தது.

"இதுதான் கிரிஸ்டல், மொதலாளி. உள்ளார ஒரு கல்லுத் துண்டு துடிச்சுக்கிட்டே இருக்கும். நொடிக்கு நாலு கோடித் தடவை. அந்தத் துடிப்புக்குத்தான் கார்டு வேலை பார்க்கும். இதை எடுத்துட்டு அம்பது போடுறேன். அஞ்சு கோடி."

"தாங்குமா தம்பி?"

"தாங்கும். கார்டு செய்யுறவன் பயந்தாங்கொள்ளி. எப்பவும் ரெண்டு படி கீழதான் போடுவான்."

"அப்ப அறுபது போட்டுருங்களேன்" என்றார் முதலாளி.

சர்வீஸ்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அதுல அம்புட்டுச் சூடு வருமே" என்று என் காதில் மட்டும் சொன்னாள்.

பழைய நாற்பதை அவர் மேஜை ஓரத்தில் போட்டார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "வச்சு விளையாடு பாப்பா" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். நான் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு அதை எடுத்தேன். அன்றிலிருந்து அது என் ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவில் கிடந்தது. காதருகே வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நாலு கோடியில் ஒன்றாவது கேட்கும் என்று.

அடுத்த பத்து நாள்களுக்கு அந்த அறையில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. மயில் படக்கென்று திரும்பியது. அக்கா பின்னலை அவிழ்க்கக்கூட நேரமில்லை என்று பெருமையாக அலுத்துக்கொண்டாள். ஒருநாள் என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து என் பெயரை நானே அடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். என் விரல் பட்ட விசைப்பலகைக் கட்டைகளில் வெள்ளித் தூசு ஒட்டியது. அக்கா அதைத் துடைக்கவில்லை. "இருக்கட்டும், நீ உக்காந்த அடையாளம்" என்றாள்.

பிறகு கத்திரி வெயில் தொடங்கியது.

காலையில் ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர் மத்தியானம் சோற்று நேரம் தாண்டியதும் அடம்பிடித்தது. திரை உறைந்துவிடும். மயில் தோகையில் கோடு கோடாக விழும். அணைத்து, ஆறவைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும். அக்கா முதலாளியிடம் இரண்டு முறை சொன்னாள். "வேல செய்யத் தெரியாதவுகதான் மிசினைக் குத்தம் சொல்லுவாக" என்றார் அவர்.

ஒருநாள் பெரிய ஆர்டர் ஒன்றின் லேபிளைக் காலையில் நானும் அக்காவும் வாசித்துச் சரிபார்த்தோம். மத்தியானம் அதை ஃபிலிம் எடுத்து அச்சுக்கு அனுப்பினார்கள். கட்டுக் கட்டாக அடித்து முடித்த பிறகுதான் பட்டாசு கம்பெனிக்காரர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். மயிலுக்குத் தோகையில் பாதி இல்லை. "எட்டி நின்று கொளுத்தவும்" என்பதில் முதல் வார்த்தையைக் காணோம். "நின்று கொளுத்தவும்" என்று மட்டும் இருந்தது.

"படிச்சுப் பார்த்தது யாரு?" என்று முதலாளி கத்தினார்.

"நானும் இந்தப் புள்ளையுந்தான். காலைல சரியாத்தான் இருந்துச்சு மொதலாளி. மத்தியானம்தான் அது..."

"பொடிப் புள்ளைய வச்சா கம்பெனி ஆர்டரைப் படிக்கிறீக?"

மறுநாள் சர்வீஸ்காரர் வந்தார். முந்தைய சாயங்காலம் கோடை மழை பெய்து அறை குளிர்ந்து கிடந்தது. கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவர் ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு விசைப்பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தார். கட்டைகள் மின்னின. என் கவுனைப் பார்த்தார்.

"இது அலுமினியப் பொடிதானே? மொதலாளி, இது கரண்ட்டைக் கடத்தும். உள்ள போயிருக்கும். அங்கங்க ஷார்ட் ஆகுது. வேற ஒன்னுமில்ல."

சாயங்காலம் வேன் வந்ததும் அம்மாவை அங்கே வரச்சொல்லி ஆள் போனது. குளிக்காமல், கைகால் கழுவாமல், அப்படியே ஓடி வந்தாள். வாசலில் நின்றவளின் கைகளைக் காட்டி, "பாருங்க, இதுதான்" என்றார் சர்வீஸ்காரர்.

"அய்யா, எம்புள்ள இரும்பைத் தொடாம எதையும் தொடாதுங்கய்யா. நான் பழக்கியிருக்கேன்" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். இரும்பைத் தொடுவதை ஏதோ பேய்க்குப் பயந்த பழக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

"அவ தொட்டதுனால இல்ல, அம்பது போட்டதுனாலதான். மத்தியானம்தானே மக்கர் பண்ணுது" என்று அக்கா சொன்னாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் சர்வீஸ்காரர் என் கையை மணிக்கட்டில் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, நான் முதலில் எழுதியதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குழாயடியில் என்னை உட்காரவைத்து மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது. மறுநாள் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவளை நோக்கி நான் ஓடினேன். "கிட்ட வராத" என்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குளித்து, சேலை மாற்றி, தலை துவட்டி வந்த பிறகுதான் என் பக்கம் வந்தாள். அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டிருந்தது.

அதன் பிறகு ஒருநாளும் அவள் என்னைப் பொடியோடு தூக்கவில்லை. என் புத்தகங்களை முந்தானையால் பிடித்துத்தான் எடுத்தாள். ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் கைநாட்டு சுத்தமான நீலத்தில் விழுந்தது. நாலாம் வகுப்பு அட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. எத்தனையோ தடவை தேடிவிட்டேன்.

நானும் நம்பினேன். இதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. என் கைதான் அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது, என் கையால்தான் அக்காவுக்குக் கெட்ட பெயர் வந்தது என்று நம்பிக்கொண்டேதான் படித்தேன். அக்கா அந்தத் தை மாதமே கல்யாணமாகிக் கோவில்பட்டி போய்விட்டாள். நான் பாலிடெக்னிக் போனேன், பிறகு மின்னணுவியலில் பொறியியல் முடித்தேன். இப்போது மதுரையில் ஒரு கம்பெனியில் மின்னணு போர்டுகளைச் சோதிக்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு போர்டு வெளியே போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் கம்பியை மேஜையின் எர்த்தில் மாட்டினார்கள். உடம்பின் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடக் கூடாதாம். நான் சிரித்துவிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். அம்மாவின் செம்புத் தகடு அது. பேய்க்குப் பயந்த பழக்கம் இல்லை என்று அன்று அந்த அறையில் சொல்ல ஒருவர்கூட இல்லை.

அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த போனை அவள் குளிக்காமல் தொடமாட்டாள். என் மடிக்கணினி இருக்கிற பக்கமே வரமாட்டாள். "என் கை ஆகாதுத்தா, நீ பாத்துச் சொல்லு" என்பாள்.

இந்தக் கோடையில்தான் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அம்பது போட்டதுதான்னு அப்பவே சொன்னேம்ல! யாரு கேட்டா? நீ படிச்சவதானே, திறந்து பாரேன்" என்றாள். இத்தனை வருடம் கழித்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. எனக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

அச்சகத்துக்குப் போனேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அந்த வருடக் கடைசியிலேயே வேறு வாங்கிவிட்டார்களாம்.

"எடுத்துட்டுப் போம்மா, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

"அன்னைக்குப் பொடி உள்ள போயிருச்சுன்னு சொன்னாங்களே" என்றேன்.

"எந்தப் பொடி?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

லீவு போட்டு, அம்மா வீட்டிலேயே வைத்துப் பிரித்தேன். உருப்பெருக்கியை வைத்துக் கார்டை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். காகிதத் தூசு, சிலந்தி வலை, செத்த கரப்பான், ஒரு சொட்டு ஊதா மை எல்லாம் இருந்தன. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும், சர்வீஸ்காரர் சொன்னதில் அந்தப் பாதி உண்மை. ஆனால் கார்டில் ஒரு பொட்டு வெள்ளி இல்லை. விசைப்பலகையில் மட்டும் இருந்தது. என் பெயரின் எழுத்துகளில்.

வற்றிப்போன கெபாசிட்டர்களை மாற்றினேன். மூன்றாவது முயற்சியில் உயிர் வந்தது. மயிலும் உள்ளேதான் இருந்தது. ஃபேன் போடாமல், கத்திரி வெயிலில், ஐம்பதோடு ஓடவிட்டேன். காலை முழுக்க மயில் திரும்பியது. ஒன்றரை மணிக்குத் தோகையில் கோடு விழுந்தது. மறுநாள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து நாற்பதை எடுத்து, வளைந்திருந்த நாலு கால்களையும் நேராக்கி, அதன் பழைய இடத்தில் பொருத்தினேன். நாலு நாள், நாலு மத்தியானம், ஒரு கோடு விழவில்லை. மயில் மெதுவாக, கழுத்தாக, உடம்பாக, தோகையாகத் திரும்பியது. நம்ப முடியாமல் ஐந்தாம் நாள் மறுபடி ஐம்பதைப் போட்டேன். ஒன்றே முக்காலுக்குக் கோடு.

"வச்சு விளையாடு" என்று அவரே என் கையில் கொடுத்த பதில் இவ்வளவு காலமும் என் காம்பஸுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். "சரித்தா, நீ சொன்னாச் சரிதான்" என்றாள். சொல்லிக்கொண்டே ஈரக்கையை முந்தானையில் துடைத்து, கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காதால் கேட்டது கைக்குப் போய்ச் சேரவில்லை.

இன்று சனிக்கிழமை, அம்மாவுக்குச் சம்பள நாள். வேன் இன்னும் கால் மணி நேரத்தில் வரும். நாற்பது அதன் இடத்தில் இருக்கிறது. மயில் திரையில் இருக்கிறது. முன்னால் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். தொடுவதற்கு ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கிறது.

குழாயடியில் இருந்த வாளியையும் சோப்பையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருக்கிறேன். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன்.